வீட்டுக்குள் ஒரு குட்டி ரயில் யார்டு: அளந்து போடுவோம் வாங்க!



ரயிலைப் பிடிக்காதவர்கள் நம் பொன்மலைப் பக்கம் யாரும் இருக்க முடியாது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருத்தராவது இருப்பார். எங்க வீட்டுல தாத்தா. யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் வெளியே போவதில்லை. கட்டில்தான் அவருக்கு எல்லாம். முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் வண்டி பார்த்துவிட்டு வருவார்.

துபாயில் வேலை பார்க்கும் என் மாமா இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது ஒரு சின்ன ரயில் செட் கொண்டுவந்தார். ஒரு இன்ஜின், மூன்று வேகன், 12 வளைவுத் தண்டவாளம், 2 நேர்த் தண்டவாளம், ஒரு பவர் பேக். இதை வைத்து வீட்டுக்குள் தாத்தாவும் நானும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஒரு யார்டு போடணும் என்பது என் திட்டம். அடுத்த ஜூன் வந்தால் நான் பத்தாம் வகுப்பு. அதற்குள் முடியாவிட்டால் அந்த அட்டைப்பெட்டி நேரே பரணில் ஏறிவிடும். எனவே 'முடிக்கக்கூடிய' திட்டம் எப்படிப் போடுவது என்று நான் படித்தும் அளந்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு

திருவிழாக் கடையில் வாங்கும் சாவி ரயில் பொம்மை. மாதிரி ரயில் என்பது நிஜ ரயிலை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்தது. நீளம், அகலம், உயரம், சக்கரம், படிக்கட்டு எல்லாமே அதே விகிதத்தில் குறையும். கணக்கு வகுப்பில் படித்த விகிதம்தான்!

உலகம் முழுக்கப் பல அளவுகள் இருக்கின்றன. முக்கியமான மூன்று மட்டும் இங்கே:

* எச்.ஓ. அளவு: 87-இல் 1 பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.
* என் அளவு: 160-இல் 1 பங்கு. தண்டவாள இடைவெளி 9 மி.மீ.
* இசட் அளவு: 220-இல் 1 பங்கு. தண்டவாள இடைவெளி 6.5 மி.மீ.

எங்களிடம் இருப்பது எச்.ஓ. அதன் வேகனை அளந்தேன், கொக்கியோடு சேர்த்து 11 செ.மீ. இதே வேகன் 'என்' அளவில் 6 செ.மீ.தான் இருக்கும். இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தாத்தாவின் கண்ணுக்கும் விரலுக்கும் 6 செ.மீ. வேகனின் கொக்கி பிடிபடாது. எனவே எந்த அளவு என்பதை இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. யார் விளையாடப் போகிறார்கள் என்பதையும் பார்க்கணும்.

கட்டம் 1: கணக்குப் புலிகளுக்கு!
எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவில் உள்ள அகலம். நம் அகல ரயில் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஊட்டி மலை ரயில் மீட்டர் பாதை, 1000 மி.மீ. அதை வகுத்தால் 11.5 மி.மீ.! ஒரே அளவில் செய்தாலும் பாதையைப் பொறுத்துத் தண்டவாளம் மாறும்.

2. ஆசை எவ்வளவு? அளவு எவ்வளவு?

மாதிரி ரயில் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது மூன்று ஆசைகள். நீளமான எக்ஸ்பிரஸ் வண்டி, சுற்றிச் சுற்றி ஓடும் பாதை, மலைமேல் ஏறும் பாலம். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

(அ) எக்ஸ்பிரஸ் வண்டி: சென்னை ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. ஒரு பெட்டி என்றால் பரவாயில்லை. 24 பெட்டி வண்டி என்றால்? இணைப்புகளையும் சேர்த்து 6 மீட்டர், அதாவது 20 அடி. நிற்பதற்குப் பிளாட்பாரமே 20 அடி வேணும். எங்க வீட்டின் கூடத்தையும் சமையலறையையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது!

(ஆ) சுற்றுப் பாதை: வளைவு ரொம்பக் குறுகினால் நீளமான பெட்டி தடம் புரளும், பார்க்கவும் அசிங்கமாகத் தொங்கும். பொதுவாகச் சொல்லும் விதி, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல 3 மடங்காவது இருக்கணும் என்பது. 24.5-ஐ 3-ஆல் பெருக்கினால் 73.5 செ.மீ. ஆரம். விட்டம் 147 செ.மீ. கடையில் கிடைக்கும் முழு பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. 4 அடி என்பது 122 செ.மீ.தான். முழு பிளைவுட் வாங்கினாலும் ஐ.சி.எஃப். பெட்டி அழகாகத் திரும்பாது!

செட்டோடு வந்த வளைவின் ஆரம் 18 இன்ச், அதாவது 45.7 செ.மீ. குட்டை வேகன்களுக்கு அது தாராளம். ஆனாலும் 12 வளைவையும் சேர்த்து வட்டம் போட்டால் 3 அடிக்கு மேல் அகலம் வேணும். கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் அம்மா எங்கே நடப்பாங்க?

(இ) மலைப்பாதை: ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை போகணும் என்றால் எச்.ஓ.வில் சுமார் 7.5 செ.மீ. உயரம் ஏறணும். மாதிரி இன்ஜின் வழுக்காமல் ஏற 50-க்கு 1 என்ற சரிவு நல்லது. அப்படியென்றால் 7.5 செ.மீ. ஏற 375 செ.மீ. தூரம், அதாவது 12 அடிக்கு மேல். இறங்குவதற்கு இன்னொரு 12 அடி!

"நம்ம ஊட்டி ரயில் ஏறுதே?" என்று கேட்பீர்கள். அது ஏறும் சரிவு ஏறக்குறைய 12-க்கு 1. சாதாரண சக்கரத்தால் அது முடியாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு இடையில் பல் உள்ள இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய அந்தப் பாதைக்கு நீராவி இன்ஜின்களை நம் பொன்மலைப் பட்டறையிலேயே செய்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

ஆக, மூன்று ஆசைக்கும் எங்க வீட்டில் இடம் இல்லை. ஆனால் ரயில்வே என்பது இந்த மூன்று மட்டும்தானா?

3. தாத்தா சொன்ன நான்காவது வேலை

தாத்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "வண்டி ஓடுறதை எல்லாரும் பாக்குறாங்கடா. அந்த வண்டியைக் கோத்துக் கொடுக்கிறவன் யார்டுல இருக்கான். அவனை யாரு பாக்குறா?"

அதற்குப் பெயர் ஷண்டிங். எந்த வேகன் எங்கே போகணுமோ அந்த வரிசையில் இழுத்தும் தள்ளியும் அடுக்குவது. இதற்கு வட்டம் வேண்டாம், மலை வேண்டாம். நீளமான, ஒல்லியான இடம் இருந்தால் போதும். வட்டப் பாதையில் ரயில் சுற்றினால் பத்து நிமிஷம் பார்க்கலாம், அப்புறம் தாத்தா தூங்கிவிடுவார். ஷண்டிங் என்றால் அவருக்கு வேலை இருக்கும்.

நான் எழுதி வைத்த நிபந்தனைகள் இவை:

* பலகை 6 அடிக் கட்டிலுக்கு அடியில் போகணும்.
* வெளியே எடுத்தால் கட்டில் உயரத்தில் இரண்டு ஸ்டூல் மேல் நிற்கணும்.
* உட்கார்ந்தபடியே தாத்தாவின் கை கடைசித் தண்டவாளம் வரை எட்டணும். எனவே அகலம் 1 அடிதான்.
* நான் ஒருத்தனே தூக்கும் எடையில் இருக்கணும்.
* சுவரில் ஆணி கூடாது (வாடகை வீடு!).

நண்பர்களே, நீங்களும் திட்டம் போடும்போது தண்டவாளம் வரைவதற்கு முன்பு இப்படி ஒரு பட்டியல் எழுதுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

4. மூன்று கிளை, இரண்டு பாயிண்ட்

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ரொம்பச் சின்ன இடத்துக்காகவே ஒரு யார்டு அமைப்பைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 'இங்கிள்நுக் சைடிங்ஸ்'. உலகம் முழுக்க இன்றும் பலர் அதைச் செய்கிறார்கள். அமைப்பு இதுதான்:

* ஒரு முன்பாதை: இன்ஜினும் 3 வேகனும் நிற்கும் நீளம்.
* முதல் கிளை: 5 வேகன் நிற்கும்.
* இரண்டாம் கிளை: 3 வேகன் நிற்கும்.
* மூன்றாம் கிளை: 3 வேகன் நிற்கும்.

முன்பாதை முடிந்ததும் முதல் பாயிண்ட். நேராகப் போனால் முதல் கிளை. திரும்பினால் இரண்டாவது பாயிண்ட். அது மற்ற இரு கிளைகளையும் பிரிக்கும். அவ்வளவுதான்!

எங்க அளவுக்குக் கணக்குப் போடுவோம். வேகன் 11 செ.மீ., இன்ஜின் 14 செ.மீ., பாயிண்ட் 23 செ.மீ.

முன்பாதை: 14 + 33 = 47
முதல் பாயிண்ட்: 23
முதல் கிளை: 55
இடைவெளி: 12
மொத்தம்: 137 செ.மீ.

இடைவெளி எதற்கு என்று கேட்கிறீர்களா? பாயிண்டைத் தாண்டியதும் இரண்டு பாதையும் ஒட்டியே இருக்கும். அங்கே வேகனை நிறுத்தினால் பக்கத்துப் பாதையில் வரும் வண்டி இடிக்கும். இனிமேல் நிறுத்தினால் இடிக்காது என்ற இடத்துக்கு ரயில்வேயில் 'ஃபவுலிங் மார்க்' என்று பெயர். என் வரைபடத்தைப் பார்த்ததும் தாத்தா தேடிய முதல் விஷயமே அதுதான்!

அடுத்த பக்கம்: 47 + 23 + 23 + 33 + இடைவெளி 10 = 136 செ.மீ. ஆக 5 அடிப் பலகை (152 செ.மீ.) போதும். இரண்டு முனையிலும் தடுப்புக் கட்டை வைக்க இடம் மிச்சம். பக்கத்துப் பக்கத்துப் பாதைக்கு நடுவே 5.5 செ.மீ. விட்டால் மூன்று பாதையும் 1 அடி அகலத்தில் அடங்கும். பின்னால் ஒரு அட்டைக் குடோனும் வைக்கலாம்.

5. விளையாட்டு விதி

8 வேகனுக்கும் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். 5 வேகனை முதல் கிளையிலும் 3 வேகனை இரண்டாம் கிளையிலும் நிறுத்துங்கள். எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி 5 சீட்டு எடுங்கள். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ, அதே வரிசையில் 5 வேகனும் முதல் கிளையில் நிற்கணும். கையால் தூக்கி வைக்கக் கூடாது. இன்ஜின்தான் இழுக்கணும், தள்ளணும்.

சுலபம்தானே என்று தோன்றும். எத்தனை வரிசை வரலாம் தெரியுமா? முதல் சீட்டுக்கு 8 வாய்ப்பு, அடுத்ததற்கு 7, பிறகு 6, 5, 4. பெருக்கினால் 6720! தினமும் ஒன்று விளையாடினாலும் 18 வருஷத்துக்கு மேல் ஆகும்.

இதன் ரகசியம் காலி இடத்தில் இருக்கிறது. கிளைகளில் மொத்தம் 11 இடம், வேகன் 8. மிச்சம் 3 காலி. எண்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் கட்டப் புதிரில் ஒரு கட்டம் காலியாக இருக்குமே, அதே தந்திரம்தான்.

ஒரு சின்ன உதாரணம். முதல் கிளையில் பாயிண்டுக்குப் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4, 5 நிற்கின்றன. 1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றணும். மூன்றாம் கிளை காலி.

(1) இன்ஜின் முதல் கிளைக்குள் போய் 1, 2 இரண்டையும் இழுத்து வரும்.
(2) மூன்றாம் கிளைக்குள் தள்ளி, கடைசியில் உள்ள 2-ஐ மட்டும் கழற்றிவிடும்.
(3) 1-ஐ முதல் கிளையில் கொண்டுபோய் விடும்.
(4) மூன்றாம் கிளைக்குப் போய் 2-ஐ எடுக்கும்.
(5) 2-ஐ முதல் கிளையில் விடும்.

இப்போது வரிசை 2, 1, 3, 4, 5. இரண்டு வேகனை இடம் மாற்ற ஐந்து தடவை போய்வரணும்! அதனால்தான் யார்டில் வேலை பார்ப்பவர்கள் முதலில் யோசிப்பார்கள், பிறகுதான் கொடி காட்டுவார்கள்.

எங்களிடம் இருப்பது 3 வேகன்தானே? அதற்கும் வழி உண்டு. கிளைகளை 3, 2, 2 வேகன் என்று வைத்து, மொத்தம் 5 வேகனோடு, 3 வேகன் வண்டி கோக்கலாம். முன்பாதையில் இன்ஜினும் 2 வேகனும் நின்றால் போதும். 5 × 4 × 3 = 60 வரிசை வரும். எனவே முதலில் இரண்டே வேகன் வாங்கினால் விளையாட்டைத் தொடங்கிவிடலாம். பலகையை மட்டும் பெரிய ஆட்டத்துக்கே அளந்து வெட்டியாச்சு. மீதி மூன்று வேகன் பிறகு மெதுவாக வரட்டும்.

கட்டம் 2: உங்களுக்குத் தெரியுமா?
* ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறந்த 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' காட்சியில் எச்.ஓ. தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது!
* அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவரின் மாதிரி ரயில் மிகப் புகழ் பெற்றது. அவர் முதலில் செய்தது ஒரு சின்ன அமைப்பு. பிறகு கட்டிய பெரிய அமைப்புக்குள் அந்தச் சின்னதையும் அப்படியே சேர்த்துக்கொண்டார்.
* அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-இல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் உலகில் இன்று எல்லோரும் சொல்லும் 'ஹேக்கர்' என்ற வார்த்தை பரவியதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

6. பலகையும் கரண்டும்

முழு பிளைவுட் (12 மி.மீ. கனம்) 20 கிலோவுக்கு மேல் இருக்கும். நமக்கு வேண்டியது 5-க்கு 1 அடித் துண்டு, 4 கிலோ கூட வராது. மரக்கடையில் வெட்டி மிஞ்சிய துண்டாகக் கேட்டால் விலை குறையும். வளையாமல் இருக்க அடியில் ரீப்பர் கட்டை அடிக்கணும். பலகை வளைந்தால் வேகன் தானாக உருளும், ஷண்டிங் நடக்காது.

மாதிரி ரயில் ஓடுவது சுமார் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில். ஒரு தண்டவாளம் நேர்முனை, இன்னொன்று எதிர்முனை. சக்கரம் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் போகும். முனைகளை மாற்றினால் இன்ஜின் பின்னால் போகும், வோல்ட்டைக் குறைத்தால் மெதுவாகப் போகும். பவர் பேக்கில் இதற்கு ஒரு சுவிட்சும் ஒரு திருகும் இருக்கும். நம் யார்டு திரும்பி வந்து தன்னோடு சேரும் பாதை இல்லை என்பதால் ஷார்ட் ஆகும் தொல்லை இல்லை. முன்பாதையில் இரண்டு ஒயர் கொடுத்தால் போதும்.

எச்சரிக்கை: வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். பவர் பேக் இல்லாமல் எதையும் தண்டவாளத்தில் கொடுக்கவே கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பிளக்கைச் சொருகுங்கள்.

ஜல்லிக்குப் பதில் சலித்த மணல் தூவி ஃபெவிகால் தண்ணீர் விடலாம். ஆனால் முதலில் மணலில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் ஒட்டினால் அந்த மணல் வேண்டாம். இன்ஜின் மோட்டாரில் காந்தம் இருப்பதால் அந்தத் துகளை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும். தண்டவாளத்தில் தூசி படிந்தாலும் வண்டி நிற்கும், எனவே ஓட்டும் முன் சுத்தத் துணியால் துடைக்கணும்.

7. எந்த வரிசையில் வேலை?

* முதல் மாதம்: சார்ட் பேப்பரை ஒட்டி 5 அடி நீளத்தில் நிஜ அளவிலேயே வரைதல். அட்டையில் வேகன் வெட்டி அதன் மேல் நகர்த்திப் பார்த்தல். (முடிந்தது. தாத்தா ஓ.கே. சொல்லிவிட்டார்.)
* இரண்டாம் மாதம்: பலகை, ரீப்பர். (பலகை வெட்டியாச்சு.)
* மூன்றாம் மாதம்: இரண்டு பாயிண்ட், நேர்த் தண்டவாளம் வாங்குதல். பாயிண்ட்தான் செலவு அதிகம். அதனால்தான் இரண்டோடு முடியும் திட்டம்!
* நான்காம் மாதம்: பொருத்தி, ஒயர் கொடுத்து ஓட்டிப் பார்த்தல்.
* குடோன், மரம், புல் எல்லாம் அதற்குப் பிறகு. அவை இல்லாமலும் விளையாடலாம்.

வேலையை எந்த மாதத்தில் நிறுத்தினாலும் கையில் ஏதாவது ஒன்று உருப்படியாக இருக்கணும். முதல் மாதத்தோடு நின்றுவிட்டால்கூடக் காகித யார்டில் தாத்தாவும் நானும் ஆடலாம். இதைத்தான் நான் 'முடிக்கக்கூடிய திட்டம்' என்கிறேன். மிச்சமான 12 வளைவும் வீணில்லை. லீவு நாளில் தரையில் வட்டமாகப் போட்டுத் தம்பி ஓட்டுவான்.

ரயில் செட் இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். 9 காலித் தீப்பெட்டி எடுங்கள். ஒன்று இன்ஜின், எட்டு வேகன். ஒரு முழு சார்ட் பேப்பரின் நீளவாக்கில் தீப்பெட்டி அளவுக்கு மூன்று கிளையும் முன்பாதையும் வரைந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எங்க வகுப்புக் கடைசி பெஞ்சில் என் தீப்பெட்டி யார்டு இருக்கும். சீட்டுக் குலுக்கிப் பார்க்க வாருங்கள். குறைந்த தடவையில் வண்டி கோப்பவர் பெயரை அடுத்த இதழில் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்